“எங்களைக் கேட்டீர்களா?”
வளர்ச்சித் திட்டங்களை நோக்கி ஆப்பிரிக்கா எழுப்பும் கேள்வி

1999 ஜனவரி 8. நைரோபி நகரின் வடக்கு விளிம்பில் இருக்கும் கரூரா காட்டு வாசலுக்கு ஒரு கூட்டம் வந்து சேர்ந்தது. முன்னால் கென்யாவின் சுற்றுச்சூழல் போராளி வங்காரி மாத்தாய். கூடவே கிராமத்துப் பெண்கள், எதிர்க்கட்சி எம்.பி.க்கள் சிலர், கேமராவும் கையுமாகப் பத்திரிகையாளர்கள். பொதுக்காடான கரூராவை ஆட்சிக்கு வேண்டப்பட்டவர்களுக்குப் பங்களா கட்டப் பிரித்துக் கொடுத்துவிட்டார்கள். அதை எதிர்த்து உள்ளே போய்க் கன்று நடவேண்டும் என்பதுதான் அன்றைய திட்டம். வாசலில் கம்பும் கத்தியும் சவுக்குமாக ஆட்கள் நின்றார்கள். உள்ளே விடமாட்டோம் என்றார்கள். சரி, வாசலிலாவது ஒரு கன்றை நட்டுவிட்டுப் போகிறோம் என்று மாத்தாய் குனிந்தார். அடி விழுந்தது. மண்டை உடைந்தது.

ரத்தம் வழிய வழியக் காவல் நிலையத்துக்குப் போய்ப் புகார் எழுதிக் கொடுத்தார். கையெழுத்து போடச் சொன்னபோது, தலையில் வழிந்த ரத்தத்தைத் தொட்டுக் கையெழுத்திட்டார்.

கரூரா காட்டை ஒட்டினாற்போலத்தான் ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் உலகத் தலைமையகம் இருக்கிறது. மக்கள் பங்கேற்பு பற்றி அங்கே நடந்த கருத்தரங்குகளுக்குக் கணக்கில்லை. சுவருக்கு அந்தப் பக்கம், பங்கேற்க வந்த மக்களுக்குக் கிடைத்தது தடியடி.

தன்னார்வக் குழு, உழவர் சங்கம், மகளிர் குழு, பழங்குடி அமைப்பு என்று அரசும் கம்பெனியும் அல்லாத எல்லாவற்றையும் சேர்த்துக் ‘குடிமைச் சமூகம்’ என்கிறார்கள். 55 நாடுகள் சேர்ந்த ஆப்பிரிக்க ஒன்றியத்தின் ‘2063 செயல்திட்ட’த்திலும், 2030-க்குள் முடிக்கவேண்டிய ஐ.நா.வின் 17 வளர்ச்சி இலக்குகளிலும் இவர்களுக்கு மரியாதையான இடம் தரப்பட்டிருக்கிறது. அது காகிதத்தில். 2025-இல் அமெரிக்க உதவி நிறுவனமான யு.எஸ்.எய்ட் இழுத்து மூடப்பட்ட பிறகு, ஆப்பிரிக்காவின் நூற்றுக்கணக்கான குழுக்கள் சம்பளம் கொடுக்க வழியில்லாமல் விழிபிதுங்கி நிற்கின்றன. இவர்களுக்கு உண்மையில் என்ன இடம், இவர்கள் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்ற கேள்வி அதனால்தான் இப்போது சூடாகியிருக்கிறது.

ஏழு கன்றுகளும் ஒரு நோபல் பரிசும்

1977 ஜூன் 5-ஆம் தேதி, உலகச் சுற்றுச்சூழல் தினத்தன்று நைரோபியின் கமுகுஞ்சி பூங்காவில் நட்ட 7 கன்றுகளில் தொடங்கியது மாத்தாயின் ‘பசுமை வளைய இயக்கம்’. விறகுக்கு நடை, தண்ணீருக்கு நடை என்று தேய்ந்துபோன கிராமத்துப் பெண்கள்தான் அதன் படை. படிக்காத பெண்கள் நாற்றங்கால் போடுவதா என்று வனத்துறை அதிகாரிகள் சிரித்தார்கள். பெண்களோ உடைந்த பானையிலும் தகரத்திலும் விதை போட்டு வளர்த்துக் காட்டினார்கள். இயக்கம் அவர்களுக்குக் கொடுத்தது கன்றுக்குச் சில சென்ட் காசு. அந்தக் காசும் நட்டதற்கு அல்ல, நட்டது பிழைத்ததற்கு. மரம் நடு விழாவுக்கு மறுநாளே கன்று காய்ந்து கிடப்பதைப் பார்த்துப் பழகிய நமக்கு இந்த ஒரு விதியின் அருமை புரியும். இதுவரை 5 கோடிக்கும் மேற்பட்ட மரங்கள் என்கிறது இயக்கத்தின் கணக்கு.

மரம் நட்டவரை யாருக்கும் தொந்தரவு இல்லை. 1989-இல் நைரோபியின் உஹூரு பூங்காவில் ஆளுங்கட்சி 60 மாடிக் கட்டடம் எழுப்பக் கிளம்பியபோது மாத்தாய் குறுக்கே நின்றார். நாடாளுமன்றத்தில் அவரைக் கேலி பேசினார்கள். அரசுக் கட்டடத்தில் இருந்த இயக்க அலுவலகத்தைக் காலி செய்யச் சொன்னார்கள். அலுவலகம் அவர் வீட்டுக்குள் வந்தது. கட்டடம் வரவே இல்லை. கரூராவும் தப்பித்தது. இன்று ஆயிரம் ஹெக்டேர் அளவில் நகர மக்கள் காலார நடக்கும் காடாக அது நிற்கிறது. 2004-இல் மாத்தாய்க்கு அமைதிக்கான நோபல் பரிசு கிடைத்தது. அந்தப் பரிசைப் பெற்ற முதல் ஆப்பிரிக்கப் பெண் அவர்.

அடுத்த ஆண்டே அவரை இன்னொரு நாற்காலியில் உட்கார வைத்தார்கள். அந்த நாற்காலியின் கதை வேறு.

ஆலோசனை சொல்லலாம், அவ்வளவுதான்

ஆப்பிரிக்க ஒன்றியத்துக்குள் குடிமைச் சமூகத்துக்கென்றே ‘பொருளாதார, சமூக, பண்பாட்டு மன்றம்’ ஒன்று உண்டு. 2005-இல் அதன் முதல் தலைவர் மாத்தாய். இப்படியோர் அமைப்பைத் தன் சட்டத்திலேயே எழுதி வைத்ததற்காக ஆப்பிரிக்காவைப் பாராட்டத்தான் வேண்டும். நம் சார்க் அமைப்பில் இதற்கு இணையாக ஒன்று இல்லை.

ஆனால் மன்றத்தின் அதிகாரம் ஆலோசனை சொல்வதோடு சரி. அதைக் கேட்டாக வேண்டும் என்று எந்த அரசுக்கும் கட்டாயமில்லை. உறுப்பினராகச் சேர இன்னொரு நிபந்தனையும் இருக்கிறது. அமைப்பின் அடிப்படை நிதியில் குறைந்தது பாதி, அதன் உறுப்பினர்கள் கொடுத்த பணமாக இருக்கவேண்டும். நியாயமான விதிதான். வெளிநாட்டுக் காசில் ஆடும் பொம்மைகள் வேண்டாம் என்பது அதன் நோக்கம். ஆனால் சுரங்கத்தையும் அணையையும் எதிர்த்துக் கேள்வி கேட்கும் குழுக்களில் பெரும்பாலானவை வெளிநாட்டு நன்கொடையில்தான் மூச்சு விடுகின்றன. அவை வாசலிலேயே நின்றுவிட, அரசுக்கு இணக்கமானவர்கள் சுலபமாக உள்ளே போய்விடுகிறார்கள்.

■ பெட்டிச் செய்தி: மன்றத்தில் யார் யார்?
விதிமுறைகள் ஏற்கப்பட்ட 2004-இல் மொத்த இடம் 150. உறுப்பு நாடு ஒவ்வொன்றிலிருந்தும் 2 அமைப்புகள், வட்டார அளவில் 10, கண்டம் தழுவியவை 8, வெளிநாடு வாழ் ஆப்பிரிக்கர்களுக்கு 20, ஒன்றியத்தின் ஆணையமே நியமிப்பவை 6. செயலகம் இருப்பது ஜாம்பியாவின் லுசாகாவில்.

மரம் யாருக்குச் சொந்தம்?

மாநாட்டு மேடையை விட்டு இறங்கி நைஜருக்குப் போவோம். சஹாராவின் தெற்கு விளிம்பு. 1983-இல் மராடி பகுதியில் மரம் நட்டு நட்டுத் தோற்றுப்போயிருந்த டோனி ரினாடோ என்ற ஆஸ்திரேலியர், வண்டியை நிறுத்திய இடத்தில் ஒரு புதரை உற்றுப் பார்த்தார். அது புதர் அல்ல. வெட்டுப்பட்ட மரத்தின் அடிக்கட்டையிலிருந்து கிளம்பிய துளிர். பொட்டல் என்று நினைத்த வயல்களுக்கு அடியில் ஒரு காடே வேரோடு உயிரைப் பிடித்துக்கொண்டு கிடந்தது. ஒவ்வொரு விதைப்பின்போதும் உழவர்கள் அந்தத் துளிர்களை வெட்டி எறிந்துகொண்டிருந்தார்கள்.

ஏன் வெட்டினார்கள்? பிரெஞ்சுக்காரர்கள் விட்டுப்போன வனச்சட்டப்படி, உன் நிலத்தில் நின்றாலும் மரம் அரசாங்கத்தினுடையது. வளர்த்து ஒரு கிளையை ஒடித்தால் அபராதம். வம்பை எதற்கு வளர்ப்பானேன் என்று முளையிலேயே கிள்ளினார்கள். 1980-களின் நடுவில் வனக்காவலர்களின் பிடி தளர்ந்தது. தன் வயலில் நிற்கும் மரம் தனக்குத்தான் என்ற நம்பிக்கை உழவர்களுக்கு வந்தது. உடனே அரிவாளின் வேலை மாறியது. துளிர்களில் திடமான சிலவற்றை விட்டுவிட்டு மற்றதைக் கழித்தார்கள். விறகுத் திருட்டைத் தடுக்கக் கிராமங்களே காவல் குழு போட்டன. ‘காவோ’ என்றொரு மரம் அங்கே உண்டு. மழைக்காலத்தில், பயிர் வளரும்போது இலையை உதிர்த்து வெயிலுக்கு வழிவிடும். கோடையில் தழைத்து ஆட்டுக்குத் தீனி தரும். உழவனுக்கு இதைவிடத் தோதான மரம் ஏது? இருபது ஆண்டுகளில் சுமார் 50 லட்சம் ஹெக்டேர் பசுமையானது. ஏறக்குறைய 20 கோடி மரங்கள். இதில் நாற்றங்கால் இல்லை, அடிக்கல் நாட்டு விழாவும் இல்லை. செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்ட ஆய்வாளர்கள் சொல்லித்தான் உலகத்துக்கே தெரிந்தது.

■ பெட்டிச் செய்தி: பெரிய சுவரும் சின்ன அரிவாளும்
சஹாரா பரவுவதைத் தடுக்க ஆப்பிரிக்க ஒன்றியம் 2007-இல் தொடங்கியது ‘பசுமைப் பெருஞ்சுவர்’ திட்டம். கண்டத்தின் குறுக்கே 8,000 கிலோமீட்டர். 2030-க்குள் 10 கோடி ஹெக்டேரை மீட்பது இலக்கு. திட்டத்தின் மையப் பகுதியில் மீட்கப்பட்டது சுமார் 40 லட்சம் ஹெக்டேர் என்றது 2020-இல் வெளியான ஐ.நா. மதிப்பீடு. நைஜர் உழவர்கள் தாங்களாகவே செய்தது 50 லட்சம்.

பக்கத்து நாடான புர்கினா பாசோவில் யாகூபா சவடோகோ என்ற உழவரின் கதை இதற்கு நேர் எதிராக முடிந்தது. வறண்டு இறுகிய நிலத்தில் கோடையிலேயே குழி வெட்டி, எருவைப் போட்டு, கறையானை வரவழைத்து, மழை வந்ததும் விதைக்கும் ‘ஜாய்’ முறையை மெருகேற்றியவர் அவர். ஊரே பைத்தியம் என்றது. வயலுக்குத் தீ வைத்தவர்களும் உண்டு. அவர் பொட்டலில் ஒரு காட்டை உண்டாக்கினார். 2018-இல் ‘மாற்று நோபல்’ எனப்படும் ரைட் லைவ்லிஹுட் விருது அவருக்குக் கிடைத்தது. ஆனால் பக்கத்து நகரம் விரிந்தபோது அந்தக் காட்டின் ஒரு பகுதியை அரசே மனைகளாக அளந்து கொடுத்தது, வீடுகள் எழுந்தன. விருது ஒரு பக்கம், பட்டா இன்னொரு பக்கம். 2023 டிசம்பரில் அவர் காலமானார்.

கருத்துக்கேட்பு என்ற சடங்கு

நம்மூர் கருத்துக்கேட்புக் கூட்டங்கள் எப்படி நடக்கும் என்று வாசகர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. மேடை, ஷாமியானா, முன்வரிசையில் போலீஸ், பேசத் தொடங்கியதும் அணையும் மைக். கென்யாவின் லாமு பகுதி மக்களுக்கும் இது புதிதல்ல.

லாமு ஒரு தீவுக்கூட்டம். பவளக்கல் வீடுகள், கழுதை மட்டுமே நுழையக்கூடிய சந்துகள். 2001 முதல் யுனெஸ்கோ பாரம்பரிய நகரம். மீன்பிடித்தான் பிழைப்பு. அதற்கு எதிரே கரையில் 200 கோடி டாலர் செலவில் 1,050 மெகாவாட் நிலக்கரி மின்நிலையம் கட்ட அனுமதி கொடுத்தார்கள். ‘சேவ் லாமு’ என்ற உள்ளூர்க் கூட்டமைப்பு தேசியச் சுற்றுச்சூழல் தீர்ப்பாயத்துக்குப் போனது. 2019 ஜூன் 26-இல் அனுமதி ரத்து.

தீர்ப்பின் உயிர்நாடி நிலக்கரி அல்ல, நடைமுறை. கம்பெனி கூட்டம் நடத்தியது உண்மை. ஆனால் அவை ஆய்வு தொடங்கும் முன்பே நடந்த அறிமுகக் கூட்டங்கள். ஆய்வில் என்ன தெரியவந்தது, கடலில் கலக்கும் சுடுநீரால் மீனுக்கு என்ன ஆகும், சாம்பல் எங்கே போகும் என்பதையெல்லாம் மக்கள் முன் வைக்கவில்லை. மக்கள் பங்கேற்பு இல்லாத ஆய்வு அறிக்கை எத்தனை பக்கம் இருந்தாலும் உயிரற்றதுதான் என்று தீர்ப்பாயம் சொல்லிவிட்டது. 2020-இல் சீன வங்கியும் கடன் தருவதிலிருந்து விலகியது.

தென்னாப்பிரிக்காவின் காட்டுக்கடற்கரையில் எண்ணெய் தேடி ஷெல் நிறுவனம் கடலுக்குள் வெடியொலி அலை ஆய்வு நடத்தக் கிளம்பியபோதும் இதே கதை. 2021 டிசம்பரில் உயர்நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. 2022 செப்டம்பரில் உரிமத்தையே செல்லாது என்றது. கம்பெனி அறிவிப்பு கொடுத்தது ஆங்கில, ஆப்ரிகான்ஸ் நாளிதழ்களில். கரையில் வாழும் மீனவர்கள் பேசுவது இசிக்கோசா. கம்பெனி பேசியது பாரம்பரியத் தலைவர்களிடம் மட்டும். தலைவரைப் பார்த்துவிட்டு வந்தால் ஊரைக் கேட்டதாகாது என்றது நீதிமன்றம்.

இந்த வெற்றிகள் சும்மா வரவில்லை. அதே கடற்கரையில், ஸோலோபெனி என்ற இடத்தில் டைட்டானியச் சுரங்கத்தை எதிர்த்த அமடிபா நெருக்கடிக் குழுவின் தலைவர் ராடெபே, 2016 மார்ச் 22-இல் போலீஸ் என்று சொல்லிக்கொண்டு வந்தவர்களால் வீட்டு வாசலில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2018-இல், ஊர் முழுமனதோடு சம்மதிக்காமல் சுரங்க உரிமம் கொடுக்க முடியாது என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது அதைக் கேட்க அவர் இல்லை.

வாயை மூடினால் வெள்ளம் வரும்

கேள்வி கேட்க ஆளில்லாவிட்டால் என்ன நடக்கும்? எத்தியோப்பியா அதைச் செய்து பார்த்தது.

2009-இல் அந்நாடு ஒரு சட்டம் போட்டது. நிதியில் 10 சதவீதத்துக்கு மேல் வெளிநாட்டிலிருந்து பெறும் அமைப்பு எதுவும் மனித உரிமை, பெண்ணுரிமை, ஜனநாயகம் பற்றி வேலை செய்யக்கூடாது. பல குழுக்கள் கடையை மூடின. மீதி இருந்தவை உரிமைப் பேச்சை விட்டுவிட்டு நலத்திட்டத்துக்கு மாறின. ஆப்பிரிக்க ஒன்றியத்தின் தலைமையகம் இருக்கும் நாடு இது என்பதைக் கவனிக்கவும்.

அதே காலத்தில்தான் மேற்கு எல்லையில் உள்ள கம்பேலா பகுதியில் லட்சக்கணக்கான ஏக்கர் குத்தகைக்குப் போனது. பெற்றவர்களில் பெரியவர், நம் பக்கத்து ஊர்க்காரர்: பெங்களூரைச் சேர்ந்த கருதூரி குளோபல். 1 லட்சம் ஹெக்டேர், அதாவது இரண்டரை லட்சம் ஏக்கர். ஆண்டுக் குத்தகை ஹெக்டேருக்கு ஏறக்குறைய ஒரு டாலர். அந்த நிலத்தில் பயிரிட்ட அனுவாக் மக்களையும் மாடு மேய்த்த நுவெர் மக்களையும் உட்காரவைத்துக் கேட்டிருந்தால், பாரோ ஆறு எப்போது, எதுவரை ஏறும் என்று சொல்லியிருப்பார்கள். 2011-இல் ஆறு கரைபுரண்டு, முதல் மக்காச்சோளப் பயிரை மூழ்கடித்தது. 2015 டிசம்பரில் அரசே குத்தகையை ரத்து செய்தது. முதலீட்டாளருக்கும் நட்டம், அரசுக்கும் அவப்பெயர், மக்களுக்கு மேய்ச்சல் நிலம் போனதுதான் மிச்சம். உரிமை பேசுகிறவர்களால் வளர்ச்சி தடைபடுகிறது என்று முழங்குகிறவர்கள் கம்பேலாவை ஒருமுறை படித்துப் பார்க்கலாம். எத்தியோப்பியா 2019-இல் அந்தச் சட்டத்தைக் கைவிட்டது.

மொசாம்பிக்கில் ஜப்பானும் பிரேசிலும் சேர்ந்து கொண்டுவந்த ‘புரோசவானா’ பெருந்தோட்டத் திட்டம் வேறு வழியில் நின்றது. உனாக் என்ற தேசிய உழவர் சங்கம் 2012 முதல் எதிர்த்தது. 2013-இல் மூன்று நாட்டுத் தலைவர்களுக்கும் திறந்த மடல் அனுப்பியது. 2020-இல் திட்டம் கைவிடப்பட்டது.

மூடும் கதவுகள்

கென்யாவின் மாவ் காட்டில் வாழும் ஒகியெக் பழங்குடியினர், தங்களைக் காட்டைவிட்டுத் துரத்துவதை எதிர்த்து டான்சானியாவின் அருஷாவில் உள்ள ஆப்பிரிக்க மனித உரிமை நீதிமன்றம்வரை போய் 2017-இல் வென்றார்கள். 2022-இல் இழப்பீட்டுக்கும் உத்தரவு வந்தது. 2023-இல் மறுபடியும் குடிசைகள் இடிக்கப்பட்டன.

தன் நாட்டு மக்களும் தன்னார்வ அமைப்புகளும் அந்த நீதிமன்றத்தை நேரடியாக அணுகலாம் என்று ஒரு நாடு தனியாக எழுதிக் கொடுக்கவேண்டும். அப்படிக் கொடுத்ததே சில நாடுகள்தான். அதிலும் ருவாண்டா 2016-இல் திரும்பப் பெற்றது, 2019-இல் டான்சானியா, 2020-இல் பெனினும் ஐவரி கோஸ்ட்டும். நீதிமன்றத்தைத் தன் மண்ணில் வைத்துக்கொண்டு, தன் குடிமக்களுக்கு மட்டும் அதன் கதவைச் சாத்தியிருக்கிறது டான்சானியா. உகாண்டா 2021 ஆகஸ்டில் ஒரே அறிவிப்பில் 54 அமைப்புகளை முடக்கியது. எண்ணெய்க் குழாய்த் திட்டத்தைக் கேள்வி கேட்ட அமைப்பும் அந்தப் பட்டியலில் இருந்தது.

மூன்று பூட்டுப் பெட்டி

தன்னார்வ நிறுவனங்கள் எல்லாம் தியாகச் சுடர்கள் என்று சொல்ல நான் வரவில்லை. நம் ஊர் லெட்டர்பேடு கட்சிகளைப் போல, லெட்டர்பேடும் வெளிநாட்டு வங்கிக் கணக்கும் மட்டுமே உள்ள அமைப்புகள் ஆப்பிரிக்காவிலும் ஏராளம். நன்கொடையாளர் எதைக் கேட்கிறாரோ அதுவே அந்த ஆண்டின் மக்கள் பிரச்சினை. 2025 ஜனவரியில் அமெரிக்கா வெளிநாட்டு உதவியை நிறுத்தி, மார்ச்சுக்குள் யு.எஸ்.எய்ட் திட்டங்களில் 83 சதவீதத்தை ரத்து செய்து, ஜூலை 1-இல் நிறுவனத்தையே மூடியபோது இந்த அமைப்பு முறையின் பலவீனம் வெளிச்சத்துக்கு வந்துவிட்டது. லெட்டர்பேடு அமைப்புகளோடு, ஹெச்.ஐ.வி. மருந்து கொடுத்த நல்ல குழுக்களும் சேர்ந்து தடுமாறின.

மாற்று வழி இல்லாமல் இல்லை. அதுவும் அதே நைஜரில், அதே மராடியில் பிறந்தது. 1991-இல் அங்குள்ள பெண்கள், ‘கேர்’ என்ற பன்னாட்டுத் தொண்டு நிறுவனத்தின் துணையோடு ‘மாதா மாசு துபாரா’ என்ற சேமிப்புக் குழு முறையைத் தொடங்கினார்கள். வாரம் ஒரு கூட்டம். நடுவில் ஒரு தகரப்பெட்டி. அதற்கு மூன்று பூட்டு, மூன்று சாவி, மூன்றும் வெவ்வேறு பெண்களிடம். மூவரும் வந்தால்தான் பெட்டி திறக்கும். எல்லோர் கண்ணெதிரே காசை எண்ணுகிறார்கள், கடன் கொடுக்கிறார்கள். ஆண்டு முடிவில் வட்டியோடு பங்கு பிரிக்கிறார்கள். வங்கியும் மானியமும் இல்லை. இதற்கு இரண்டு ஆண்டுகள் முன்புதான், 1989-இல் தருமபுரியில் நம் மகளிர் சுய உதவிக் குழுக்கள் தொடங்கின. நம் குழுக்கள் வங்கிக் கடனை நோக்கிப் போயின. அவர்கள் பெட்டியோடு நின்றார்கள். மராடியில் தொடங்கிய அந்த முறையில் இன்று ஒரு கோடிக்கு மேற்பட்டோர் இருக்கிறார்கள்.

ஆப்பிரிக்க ஒன்றியம் செய்யவேண்டியது என் கணக்கில் இரண்டுதான். மன்றத்தின் ஆலோசனையை ஏற்காவிட்டால் ஏன் ஏற்கவில்லை என்று அரசு எழுத்தில் பதில் சொல்லவேண்டும் என விதியை மாற்றுவது ஒன்று. நிலம், காடு, கடல் சார்ந்த எந்தத் திட்டத்திலும் ஊரின் சம்மதத்தைக் கட்டாயமாக்குவது மற்றொன்று. கென்யாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் நடந்ததுபோல நீதிமன்றங்கள் சொல்லித்தான் இது நடக்கவேண்டும் என்றில்லை.

இது ஆப்பிரிக்கக் கதைதானே என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தை 2020-இல் இறுக்கி, நிர்வாகச் செலவு வரம்பை 50-லிருந்து 20 சதவீதமாகக் குறைத்தவர்கள் நாம். நம் 2006-ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் அறிவிக்கைப்படி, கருத்துக்கேட்புக் கூட்டத்துக்குக் குறைந்தது 30 நாள் முன்னறிவிப்பு தரவேண்டும். திட்ட அறிக்கையின் சுருக்கம் உள்ளூர் மொழியில் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் இருக்கவேண்டும். அடுத்த முறை உங்கள் மாவட்டத்தில் அப்படியோர் அறிவிப்பு வந்தால், அந்தத் தமிழ்ச் சுருக்கத்தைக் கேட்டு வாங்கிப் படித்துவிட்டுக் கூட்டத்துக்குப் போங்கள்.